குழந்தைக்கு ‘என்னால் முடியும்’ என்ற உடல் நம்பிக்கை எப்படி வருகிறது?

ஓட, தாவ, பந்து பிடிக்கத் தன்னால் எவ்வளவு முடியும் என்று குழந்தை தானே போடும் கணக்குதான் இது. நாலைந்து வயதில் அந்தக் கணக்கு ரொம்பத் தாராளம். வியாசர்பாடி மைதானத்தில் பந்தை விட்டுவிட்டு மண்ணை உதைக்கும் வாண்டு, ‘நான்தான் ஃபர்ஸ்ட்’ என்று குதிக்கும். திருத்தாதீர்கள், அந்த மிதப்பில்தான் திரும்பத் திரும்ப உதைத்துப் பழகுகிறது.

ஏழெட்டு வயதுக்கு மேல் பக்கத்துப் பையனோடு ஒப்பிடத் தெரிந்துவிடும். சரியாக வரவில்லை என்றால் ஒதுங்கும். ஒதுங்கினால் திறமையும் வளராது. வறண்ட அடிபம்பு மாதிரிதான்: முதலில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்ற வேண்டும். அதாவது, முதலில் சுலபமாகப் பிடிக்க வைக்க வேண்டும்: பெரிய பந்து, கிட்டத்திலிருந்து மெதுவான வீச்சு.

‘வயசானா தானா வந்துடும்’ என்பார்கள். நடை அப்படி வரும். பந்து பிடிப்பது பழகினால்தான் வரும்.