லிவா பாயின்ட் சவூதிக்குள் காட்டுகிறதா? போன் மேல் தப்பில்லை

நண்பரே, அபுதாபியின் தெற்கே உள்ள லிவா பாலைவனத்தில் கூடாரம் போட நண்பர் அனுப்பிய 22 டிகிரி 58.5 நிமிடம் என்ற வடக்குக் குறியை, அதாவது அட்சரேகையைப் போனில் போட்டால் சவூதிக்குள் காட்டுகிறது, ஜிபிஎஸ் கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கெடவில்லை. நீங்கள் 22.585 என்று அடித்திருப்பீர்கள். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், 58.5-ஐ 60-ஆல் வகுத்தால் 0.975. ஆக, அடிக்க வேண்டியது 22.975. வித்தியாசம் 0.39 டிகிரிதான், ஆனால் தரையில் சுமார் 43 கிலோமீட்டர்! கிழக்குக் குறியையும் இதே மாதிரி மாற்றிவிடுங்கள்.

சிக்னல் போனதும் திரை வெறுமையாகிறது என்றீர்களே, அது வேறு சங்கதி. இடம் காட்ட டேட்டா தேவையில்லை, வரைபடத்துக்குத்தான் தேவை. வீட்டு வைஃபையிலேயே ஆஸ்மாண்ட் (OsmAnd) என்ற வரைபட ஆப்பில் எமிரேட்ஸ் வரைபடத்தை இறக்கி, டேட்டாவை அணைத்துவிட்டு ஒருமுறை திறந்து பாருங்கள்.

தார் ரோட்டை விட்டு இறங்கும்போதே, போகும் வழியைக் கோடாக வரையும் டிராக் பதிவை ஆன் செய்யுங்கள். ஆனால் அந்தக் கோட்டை அப்படியே பிடித்துத் திரும்பலாம் என்று நம்ப வேண்டாம். மணல்மேட்டின் செங்குத்துப் பக்கமாக இறங்கிவிட்டால் அதே வழியில் ஏற முடியாது, சுற்றித்தான் வரவேண்டும். மற்றவர்களின் பழைய டிராக்கும் திசைக்கு மட்டும்தான், காற்றில் மேடு நகர்ந்திருக்கும். மேட்டு உச்சியில் கண் திரையில் இருக்கவே கூடாது.

அப்புறம், போனை டேஷ்போர்டு வெயிலில் வைக்காதீர்கள். என்னுடையது நடுப்பகலில் சூடேறி அணைந்தே போனது. இப்போது ஏசி காற்று வரும் இடத்தில் மாட்டியிருக்கிறேன்.