'சீனா பிளஸ் ஒன்' என்றால் என்ன? அதனால் திருப்பூருக்கு ஆர்டர் குவியுமா?

சீனாவில் மட்டுமே பொருள் செய்து வாங்கிய நிறுவனம் இன்னொரு நாட்டிலும் உற்பத்திக்கு இடம் பிடித்துவைப்பதுதான் 'சீனா பிளஸ் ஒன்'. காரணம், அச்சம். 2018-இல் அமெரிக்காவும் சீனாவும் மாறி மாறிக் கூடுதல் வரி போடத் தொடங்கின. 2021-இல் சீனாவின் சின்ஜியாங் பகுதியில் விளையும் பருத்தியில் செய்த ஆடைகளுக்கு அமெரிக்கா கதவடைத்தது. ஒரே கிணற்றை நம்பி மஞ்சள் போட்ட ஈரோட்டு விவசாயி, துணைக்குப் போர்வெல்லும் போட்டுவைப்பார் அல்லவா? பழைய கிணற்றை அவர் மூடுவதில்லை. (எங்கள் பக்கம் பலரும் மறப்பது இதைத்தான்.)

சீனா இழப்பதெல்லாம் தானாகத் திருப்பூருக்கு வரும் என்பது தப்புக் கணக்கு. சீனாவின் பலம் செயற்கை இழை, திருப்பூரின் பலம் பருத்தி. வியட்நாமும் வங்கதேசமும் போட்டியில் நிற்கின்றன. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீதும் அமெரிக்கா 50 சதவீதக் கூடுதல் வரி போட்டது.