பதினாறாம் நாளும் அதற்கு அப்புறமும்: துக்கம், சடங்கு பற்றிக் கேள்வி பதில்

(துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில்.)

கேள்வி: 2021 மே மாதம் கொரோனாவில் அப்பா போய்விட்டார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, கருமாதியும் நடக்கவில்லை. இப்போது செய்வதில் அர்த்தம் உண்டா?

பதில்: உண்டு. குளிப்பாட்டுவது, நீர்மாலை எடுப்பது, வாய்க்கரிசி போடுவது, கொள்ளிக்குடம் உடைப்பது எல்லாமே கையால் செய்கிற வேலைகள். மனசு ஒத்துக்கொள்ளாத சாவைக் கை முதலில் ஒத்துக்கொள்கிறது. உங்களுக்கு அந்த வேலை எதுவுமே கிடைக்கவில்லை. அதனால்தான் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள்.

ஒரு அமாவாசைக்குச் சொந்தபந்தத்தைக் கூப்பிடுங்கள். அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படையுங்கள். சொல்லாமல் விட்டதைக் கடிதமாக எழுதி, படத்துக்கு முன்னால் சத்தமாக வாசியுங்கள். துக்க சிகிச்சையிலும் இப்படிக் கடிதம் எழுத வைப்பது உண்டு. அம்மாவுக்கு இஷ்டமில்லை என்றால் மட்டும் திணிக்காதீர்கள்.

கேள்வி: அம்மா இறந்து எட்டு மாதம். இன்னும் அழுகிறேன். எத்தனை நாளில் சரியாகும்?

பதில்: நாள் கணக்கு கிடையாது. ஆறு மாதம் தாண்டியும், ஊர் வழக்கத்தை மிஞ்சியும், அன்றாட வாழ்க்கையே முடங்கிப்போகிற அளவுக்கு ஏக்கம் இருந்தால்தான் உலக சுகாதார நிறுவனம் அதை நீடித்த துக்கக் கோளாறு என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2022 கையேடு பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. அழுகை மட்டும் நோய் ஆகாது.

கேள்வி: நாங்கள் சாமி கும்பிடாத குடும்பம். எங்களுக்கு என்ன வழி?

பதில்: படத்திறப்பு வையுங்கள். நாலு பேர் எழுந்து அவரைப் பற்றிப் பேசட்டும். அதுவும் சடங்குதான்.

கேள்வி: சடங்கைப் புகழ்கிறீர்கள். பதினாறாம் நாள் என் அக்காவுக்குப் பூ வைத்து, வளையலை உடைத்து, தாலியை அறுத்தார்கள். அதுவும் மருந்தா?

பதில்: இல்லை. அது கொடுமை. கைம்பெண் வேளைக்கீரை தின்று பருக்கைக் கல்லில் படுப்பதைப் புறநானூற்றின் 246ஆம் பாட்டில், அரசன் பூதப்பாண்டியன் இறந்தபோது அவன் தேவி சொல்கிறாள். அந்த வாழ்வைவிடத் தீயே மேல் என்று சிதை ஏறுகிறாள். அவ்வளவு பழைய வலி இது. சடங்கை நான் மதிப்பது துக்கப்படுகிறவருக்காகத்தான். அவரையே காயப்படுத்தினால் விட்டுவிட வேண்டியதுதான்.

கேள்வி: பெரியவர்கள் வகுத்ததை மாற்ற நீங்கள் யார்? அப்படியானால் ஒப்பாரியையும் நிறுத்திவிடலாமா?

பதில்: ஒப்பாரியை ஏன் நிறுத்த வேண்டும்? அதில் துக்கப்படுகிற பெண் வாய் திறந்து பேசுகிறாள். புருஷன் வீட்டு மேல் உள்ள குறையைக்கூடப் பாட்டில் சொல்லிவிடுகிறாள், யாரும் தடுப்பதில்லை. வளையல் உடைக்கும்போது அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? மறுபடியும் சொல்கிறேன், திணிக்காதீர்கள்.

கேள்வி: கணவர் இறந்து ஒரு வருடம். எப்போது மறக்கும்?

பதில்: இதே கேள்வி பலரிடமிருந்து வந்துவிட்டது. மேலே எட்டு மாதக் கேள்விக்குச் சொன்னதைப் படியுங்கள். மறக்க வேண்டியதில்லை. வருடா வருடம் திதி கொடுப்பது நினைவு வைத்துக்கொள்ளத்தானே.

கேள்வி: அடைப்பு நட்சத்திரத்தில் இறந்தார். பரிகாரம் என்ன?

பதில்: ஜோதிடம் என் துறை இல்லை. பயத்தில் கடன் வாங்கிச் செலவு செய்யாதீர்கள்.

கேள்வி: அண்ணன் இறந்ததிலிருந்து தம்பி "நானும் போயிடறேன்" என்கிறான். கோயிலுக்குக் கூட்டிப்போகட்டுமா?

பதில்: கோயிலுக்கு அப்புறம் போகலாம். இன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தனியாக விடாதீர்கள். இப்போதே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழையுங்கள். இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.