மெரோபெனெம் கேக்காத கிருமி: கேளுங்க, தெரிஞ்சத சொல்றன்

மெரோபெனெம் எண்டது கடும் தொற்றுக்கு ஏத்துற அன்டிபயோட்டிக் ஊசி. திருகோணமலையில மைக்ரோபயோலொஜி லேப்ல 19 வருசம் எம்எல்டியா (லேப்ல சோதனை செய்யிற ஆள்) நிண்டனான், இப்ப ரிட்டயர். டொக்டர் இல்ல, அதால மருந்து எழுதச் சொல்லாதீங்க.

உப்புவெளி அக்கா: அம்மாட யூரின் கல்ச்சர் றிப்போட்டில மெரோபெனெமுக்கு நேர ஆர் எண்டு கிடக்கு. வேற அறைக்கும் மாத்திட்டாங்க. அம்மாக்கு என்னவும் ஆகிடுமா?

அக்கா, அந்த ஆர் (ரெசிஸ்டன்ட், மருந்து கேக்காது எண்டு அர்த்தம்) அம்மாவுக்குப் போட்ட மார்க் இல்ல, கிருமிக்குப் போட்டது. கிருமி வளக்கிற அகார் தட்டு முழுக்க கிருமியப் பரப்பி, மேல 10 மைக்ரோகிராம் மெரோபெனெம் ஊறின கடதாசி டிஸ்க், பொட்டு அளவுதான், அத வச்சு ஒரு ராத்திரி இன்கியுபேட்டருக்குள்ள விடுவம். மருந்து கேட்டா காலையில பொட்டைச் சுத்தி வெறும் வட்டம் தெரியும், ஸ்கேல் வச்சு அளப்பம், ஈ.கோலை மாதிரி குடல் கிருமிக்கு சிஎல்எஸ்ஐ எண்ட லேப் தர அமைப்பிட கணக்கில 23 மில்லிமீற்றரும் மேலயும் எண்டா எஸ் (மருந்து கேக்கும்), 19உம் கீழயும் எண்டா ஆர். நான் முதல் தரம் பாத்த தட்டில வட்டமே இல்ல, கிருமி பொட்டோட வந்து முட்டிக்கொண்டு நிக்குது. டிஸ்க் பழசாக்கும் எண்டு புதுப் பெட்டி உடைச்சுத் திரும்பப் போட்டன், அடுத்த நாளும் அதே கோலம்.

அம்மாவுக்கு காய்ச்சல், எரிவு ஒண்டும் இல்லாட்டி கிருமி சும்மா குடியிருக்கிறதாவும் இருக்கலாம், கதீற்றர் (யூரின் போற குழாய்) போட்டவங்களுக்கு இது சகஜம், அப்ப மருந்தே தேவைப்படாமலும் போகும். வாட்டு டொக்டர்ட்ட இதையே கேளுங்க. அறை மாத்தினது பக்கத்துக் கட்டில்காரருக்குத் தொத்தாம இருக்க.

கம்பஸ் தம்பி: அண்ணா, என்டிஎம் என்டிஎம் எண்டுறாங்களே, அது என்ன?

பெனிசிலின், செஃப்ட்ரையாக்சோன், மெரோபெனெம் எல்லாத்துக்குள்ளயும் பீட்டா லாக்டம் எண்டு ஒரு வளையம் இருக்கு. அத வெட்டுற என்சைம் வச்சிருக்கிற கிருமி முந்தியே இருந்தது, ஆனா 1985ல மெரோபெனெம்ட குடும்பமான கார்பபெனெம்ல இமிபெனெம் வந்த நேரம் அதுகளால இந்தக் குடும்பத்த லேசில வெட்ட ஏலாமப் போச்சு. பிறகு இதையும் வெட்டுற என்சைமுகள் கேபிசி, ஒக்சா-48, என்டிஎம் எண்டு வரிசையா வந்திட்டு. என்டிஎம் 2008ல சுவீடன்ல ஒரு நோயாளிட்ட பிடிபட்டது, அவர் புதுடில்லி ஆஸ்பத்திரியில இருந்து வந்தவர், அதால அந்த ஊர்ப் பேர், என்டி எண்டா நியூ டெல்லி (இந்தியாக்காரர் கோவிச்சாங்க, நியாயம்தான்). இது துத்தநாகத்த வச்சு வெட்டுற சாதி, கேபிசிய அடக்கிற அவிபக்டம் எண்ட மருந்து இதுகிட்ட எடுபடாது. ஜீன் இருக்கிறது பிளாஸ்மிட்டில (கிருமிக்குள்ள தனியா இருக்கிற, கைமாறக்கூடிய டிஎன்ஏ வளையம்), அதால கிளெப்சியெல்லா எண்ட இன்னொரு குடல் கிருமி ஈ.கோலைக்குக் குடுக்கும், சோதனை மண்டபத்தில துண்டு கைமாறுற மாதிரி.

தம்பலகாமம் அண்ணா: நான் வயல்காரன், எனக்கும் இந்த ஊசிக்கும் என்ன சம்பந்தம்?

உங்களுக்குத்தான் அண்ணா சம்பந்தம் கூட. மெலியோய்டோசிஸ் எண்ட வருத்தத்தக் குடுக்கிற கிருமி எங்கட நாட்டு மண்ணுலயும் சேத்துத் தண்ணியிலயும் இருக்கு, கால் காயத்தால ஏறும், சீனி வருத்தக்காரருக்குப் பொல்லாதது. அதுக்கு செஃப்டாசிடிம் இல்லாட்டி மெரோபெனெம் ஊசி, குறைஞ்சது 10 நாள், பிறகு மாசக்கணக்கில குளிசை. ஆளுக்காள் தேவையில்லாம மெரோபெனெம் ஏத்தி வாட்டு முழுக்க கேக்காத கிருமியா வளத்து வச்சா, மெலியோய்டோசிஸோட ஐசியுவில கிடக்கிற உங்களுக்கு ரெண்டாவதாத் தொத்துறது அதுதான். காயம் இருந்தா சப்பாத்துப் போட்டு இறங்குங்க.

கிண்ணியாத் தம்பி: தடிமலுக்கு பாமசியில அமொக்சிசிலின் வாங்கினா தப்பா?

தப்பு. அது வைரஸ், கேக்காது, குடல்ல இருக்கிற நல்ல கிருமிதான் சாகும்.

உப்புவெளி அக்கா திரும்பவும்: அப்ப எங்களுக்கும் தொத்துமா? அம்மாவப் பாக்கப் போகலாமா?

தாராளமாப் போங்க. காத்தில வாறதில்ல, கையிலதான் வரும். கட்டில தொட முந்தியும் பிந்தியும் ஹேண்ட் ரப் போடுங்க, பக்கத்துக் கட்டில் ஆளுக்கு தலகாணி சரிபண்ணி விடுற நல்ல குணத்த கொஞ்ச நாளைக்கு அடக்குங்க. யூரின் பைய நீங்களா வாட்டு சிங்க்கில ஊத்திடாதீங்க, அந்தக் குழாய் வளைவுக்குள்ள கிருமி மாசக்கணக்கில இருக்கும், நர்ஸ் மிஸ்ஸ கூப்பிடுங்க.