கோடு பெட்டியை விடாமல் பிடித்துக்கொள்வது எப்படி? கட்டற்ற விளக்கப்பட மென்பொருள்கள்: கேள்வி பதில்

பெட்டியும் கோடும் போட்டு விளக்கப்படம் வரையும் டயா, எழுதிக் கொடுத்த உறவுகளிலிருந்து படத்தை அடுக்கும் கிராஃப்விஸ், ஓவியம் வரையும் இங்க்ஸ்கேப் ஆகிய மூன்றையும் இருபது ஆண்டுகளாக அன்றாட வேலையில் பயன்படுத்தி வருகிறேன். சி மொழியில் ஒரு பெரிய நிரல் எப்படி அடுக்கப்படுகிறது என்பதையே டயாவின் மூலநிரலைப் படித்துத்தான் கற்றுக்கொண்டேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்கு என்னால் முடிந்த வரை பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கல்லூரி ஆசிரியை): பெட்டியும் அம்புக்குறியும் எந்த ஓவிய மென்பொருளிலும் போடலாமே. விளக்கப்படத்துக்கென்று தனி மென்பொருள் எதற்கு?

பதில்: ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஓவிய மென்பொருளில் இரண்டு பெட்டிகள் போட்டு நடுவில் ஓர் அம்பு வரையுங்கள். பிறகு ஒரு பெட்டியை நகர்த்துங்கள். அம்பு பழைய இடத்திலேயே அந்தரத்தில் நிற்கும். டயாவில் இதையே செய்தால் அம்பு பெட்டியோடு கூடவே வரும். நாற்பது பெட்டிகள் உள்ள படத்தில் புதிதாக ஒன்றை நுழைக்கும்போது இந்த வேறுபாட்டின் அருமை தெரியும்.

இது எப்படி நடக்கிறது என்பதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். டயா கோப்பு என்பது ஜிசிப் முறையில் சுருக்கப்பட்ட எக்ஸ்.எம்.எல். கோப்புதான், அதாவது குறிச்சொற்களோடு எழுதிய உரைக்கோப்பு. அதை விரித்துச் சாதாரண உரைத் திருத்தியில் திறந்தால், கோட்டுக்குரிய பகுதியில் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற ஆயங்கள் சென்டிமீட்டரில் இருக்கும். அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கும். இந்தக் கோட்டின் 0ஆம் கைப்பிடி (பிடித்து இழுக்கும் முனை), 'ஓ0' என்ற பொருளின் 4ஆம் இணைப்புப் புள்ளியில் மாட்டப்பட்டிருக்கிறது என்பது அதன் பொருள். சாதாரணப் பெட்டிக்கு 9 இணைப்புப் புள்ளிகள் உண்டு: மூலைகளில் 4, பக்கங்களின் நடுவில் 4, மையத்தில் 1. மேல் இடமூலையிலிருந்து வரிசை வரிசையாக, மையத்தைக் கடைசியில் வைத்து, 0இல் தொடங்கி எண்ணுவதால் 4 என்பது வலப்பக்கத்தின் நடுப்புள்ளி. அந்த ஒரு வரியை அழித்துவிட்டுக் கோப்பைத் திறந்து பாருங்கள். படம் கண்ணுக்கு முன்போலவே தெரியும். ஆனால் பெட்டியை நகர்த்தினால் கோடு வராது. என்னைப் பொறுத்தவரை விளக்கப்பட மென்பொருளின் உயிர் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

இந்த எண்ணம் புதிதன்று. 1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட், டி.எக்ஸ்-2 என்ற கணினியில் ஒளிப்பேனாவைக் கொண்டு வரையும் 'ஸ்கெட்ச்பேட்' நிரலை எழுதினார். இந்தக் கோடு அந்தக் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும், இந்த முனை அந்த முனையோடு ஒட்டியிருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடுகளை அதிலேயே சொல்ல முடிந்தது.

கேள்வி (லினக்ஸ் பயனர்): டயா செத்துவிட்டது என்கிறார்கள். உண்மையா?

பதில்: இந்தச் சொல் எனக்கு வலிக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

1998இல் சுவீடனைச் சேர்ந்த அலெக்சாண்டர் லார்சன் டயாவைத் தொடங்கினார். அப்போது விண்டோஸ் பயனர்களிடம் விசியோ என்ற விளக்கப்பட மென்பொருள் இருந்தது. லினக்ஸ் பக்கம், லினக்ஸுக்கும் முன்பே 1985இல் பிறந்த எக்ஸ்ஃபிக் என்ற வரைகருவி இருந்தது. அது நல்ல மென்பொருள்தான், ஆனால் பெட்டியும் கோடும் ஒன்றையொன்று அறிந்திருக்கும் வகையைச் சேர்ந்ததன்று. அந்த இடைவெளியை நிரப்ப வந்தது டயா. லார்சன் பின்னாளில் வேறு பணிகளுக்குப் போனார். இன்று பலரும் லினக்ஸில் செயலிகளை நிறுவப் பயன்படுத்தும் ஃபிளாட்பேக் அவர் தொடங்கியதுதான். டயாவை ஜேம்ஸ் ஹென்ஸ்ட்ரிட்ஜ், லார்ஸ் கிளாசன், ஹான்ஸ் பிராயர் போன்றவர்கள் அடுத்தடுத்துத் தோளில் சுமந்தார்கள்.

2014இல் 0.97.3 வெளிவந்தது. அதன்பின் பல ஆண்டுகளுக்கு நிலையான வெளியீடு எதுவும் இல்லை. ஏன் என்று கேட்டால், மென்பொருள் நின்ற இடத்தில் நின்றது, அதன் காலடி மண் நகர்ந்தது. டயா அப்போது ஜி.டி.கே. 2ஐ, அதாவது சாளரங்களையும் பொத்தான்களையும் திரையில் காட்டும் நிரலகத்தை, நம்பியிருந்தது. 2020 டிசம்பரில் ஜி.டி.கே. 4 வந்தபோது 2க்கான பராமரிப்பு முடிந்தது. பைத்தான் செருகுநிரல் பைத்தான் 2ஐ நம்பியிருந்தது. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1இல் முடிந்தது. புதிய வசதி ஒன்றைக்கூடச் சேர்க்காமல், ஏற்கனவே ஓடியதை மீண்டும் ஓடவைப்பதற்கே மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். அந்த உழைப்பு யாருக்கும் வெளியே தெரியாது. மாலையில் வேலை முடிந்து வந்து இரண்டு மணி நேரம் ஒதுக்கும் தன்னார்வலர்களால் இதை எவ்வளவு வேகமாகச் செய்ய முடியும்? டயாவின் மூலநிரல் இருக்கும், க்னோம் திட்டத்தின் கிட்லேப் களஞ்சியத்தில் இந்த மாற்றங்களை எழுதியவர்கள் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

புதிதாகத் தொடங்கும் ஒருவர் அவசர வேலைக்கு எதைப் பயன்படுத்தலாம் என்று கேட்டால், இணைய உலாவியிலேயே வரைய உதவும் டிரா.ஐஓ என்றுதான் சொல்வேன். அதனால் டயா செத்துவிட்டது என்று ஆகாது. 2006இல் வீட்டுக் கிணற்றுக்கும் மேல்தொட்டிக்கும் இடையே குழாய் போட வரைந்த டயா படத்தைப் போன மாதம் திறந்தேன். ஒரு கோடுகூட இடம் மாறவில்லை.

கேள்வி (பொறியியல் மாணவர்): அண்ணா, இறுதியாண்டுத் திட்டமாக ஒரு சிறிய விளக்கப்பட மென்பொருள் எழுதுகிறேன். 'செயல்தவிர்' வசதியில் மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் படம் முழுவதையும் நகலெடுத்து வைத்தால் நினைவகம் நிறைந்துவிடுகிறது.

பதில்: தம்பி, படத்தை நகலெடுக்காதீர்கள். நடந்த மாற்றத்தை மட்டும் எழுதி வையுங்கள். டயாவில் ஒவ்வொரு மாற்றமும் தனியொரு பொருள். அதற்கு மூன்று செயல்கள் உண்டு: மாற்றத்தைச் செய், மாற்றத்தைத் திருப்பு, இனித் தேவையில்லை என்றால் நினைவகத்தை விடுவி. பெட்டியை நகர்த்தினால் எந்தப் பெட்டி, முன்பு எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்பது மட்டும் போதும்.

பொறி எங்கே இருக்கிறது தெரியுமா? பயனர் செய்வது ஒரே செயல், உள்ளே நடப்பதோ பல. இணைப்புள்ள ஒரு பெட்டியை அழித்தால், முதலில் கோடுகளை அவிழ்க்க வேண்டும், பிறகு பெட்டியை நீக்க வேண்டும். திருப்பும்போது வரிசை தலைகீழாக வேண்டும்: முதலில் பெட்டி, பிறகு கோடுகளை அதே கைப்பிடி, அதே புள்ளியில் மாட்டுவது. இடையில் எங்கே நிறுத்தலாம் என்பதற்கு ஓர் அடையாளம் போட்டு வையுங்கள். பயனர் ஒருமுறை பொத்தானை அழுத்தினால் அடுத்த அடையாளம் வரை எல்லாம் ஒன்றாகத் திரும்ப வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே அமைத்துவிடுங்கள். பாதி எழுதிய நிரலில் பின்னால் சேர்ப்பது, சுவர் பூசிய பிறகு ஒயரிங் செய்வது போல ஆகிவிடும்.

கேள்வி (நீர்ப்பாசனப் பொறியாளர்): எனக்கு நிரல் எழுதத் தெரியாது. பங்களிக்க வழி உண்டா?

பதில்: தாராளமாக உண்டு. நிரலாளர்களால் செய்ய முடியாத வேலையே உங்களுக்காகக் காத்திருக்கிறது. சொட்டுநீர்க் குழாயில் வடிகட்டியை எந்தக் குறியீட்டால் காட்டுவார்கள், வால்வில் குழாய் எந்தப் பக்கம் சேரும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்.

டயாவில் ஒரு வடிவத்தைச் சேர்க்க சி மொழி தேவையில்லை. பெயர், இணைப்புப் புள்ளிகளின் இடம், எஸ்.வி.ஜி. முறையில் (கோடுகளை எழுத்தாகவே விவரிக்கும் பட வடிவம்) கோடுகள் ஆகியவற்றை ஒரு சிறிய எக்ஸ்.எம்.எல். கோப்பில் எழுதினால் போதும். கருவிப்பெட்டியில் காட்ட 22க்கு 22 புள்ளி அளவில் ஒரு சின்னப் படம் வேண்டும். வீட்டு அடைவில் உள்ள டயா கோப்புறையில் வடிவங்களுக்கான இடத்தில் அதைப் போட்டு, கருவிப்பெட்டியில் காட்டும் வடிவங்களின் பட்டியலான தாள் கோப்பில் பெயரைச் சேர்த்துவிட்டு டயாவைத் திறந்தால் உங்கள் வால்வு அங்கே இருக்கும். முதல் முயற்சியில் இணைப்புப் புள்ளி குழாயின் வாய்க்குச் சரியாக அமையாது. இரண்டு மூன்று முறை எண்ணை மாற்றிப் பாருங்கள், பிடிபட்டுவிடும்.

கேள்வி (தரவுத்தள நிர்வாகி): கிராஃப்விஸில் உறவுகளை மட்டும் எழுதினால் படத்தை அதுவே அடுக்குகிறது. ஆனால் சில கோடுகள் தேவையில்லாமல் குறுக்கே போகின்றன. ஏன் சரிசெய்யாமல் விட்டிருக்கிறார்கள்?

பதில்: தேவையில்லாமல் என்று நமக்குத் தோன்றுகிறது. உள்ளே அது படும் பாட்டைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டோம்.

கிராஃப்விஸ் ஏ.டி.&டி. பெல் ஆய்வகத்தில் பிறந்தது. அதிலுள்ள 'டாட்' நிரல் எப்படி அடுக்குகிறது என்பதை கேன்ஸ்னர், கௌட்சோஃபியோஸ், நார்த், வோ ஆகிய நால்வரும் 1993இல் கட்டுரையாக எழுதினார்கள். அதற்கு அடித்தளம் 1981இல் ஜப்பானின் சுகியாமாவும் அவருடைய சகாக்களும் சொன்ன முறை. நான்கு கட்டங்கள்: எந்தப் பெட்டி எந்த வரிசையில், ஒரு வரிசைக்குள் எது இடம் எது வலம், சரியான ஆயம் என்ன, கோடுகளை எப்படி வளைப்பது.

நீங்கள் கேட்பது இரண்டாம் கட்டம். ஒரு வரிசையில் 10 பெட்டிகள் இருந்தால் அவற்றை 36,28,800 விதமாக அடுக்கலாம். அப்படிப் பல வரிசைகள் இருந்தால்? இரண்டே வரிசைகள் இருந்தாலும், மிகக் குறைந்த வெட்டுகளைத் தரும் அடுக்கைக் கண்டுபிடிப்பது என்.பி.-கடினமான கணக்கு, அதாவது எப்போதும் வேகமாகத் தீர்க்கும் வழி இதுவரை தெரியாத வகை, என்று நிறுவப்பட்டிருக்கிறது. அதனால் டாட் குறுக்குவழியில் போகிறது. ஒவ்வொரு பெட்டியையும் அது இணைந்திருக்கும் பக்கத்து வரிசைப் பெட்டிகளின் இடைநிலை இடத்துக்குக் கொண்டுபோகிறது. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று மாறி மாறிப் போய், அடுத்தடுத்த பெட்டிகளை இடம் மாற்றிப் பார்த்து, கிடைத்ததில் நல்லதை வைத்துக்கொள்கிறது. இந்தச் சுற்றை 24 முறை ஓட்டுவதாக அந்தக் கட்டுரை சொல்கிறது.

உங்களால் உதவ முடியும். ஒரு கோடு வரிசையை முடிவு செய்யக் கூடாது என்றால், அந்தக் கோட்டுக்கு 'கன்ஸ்ட்ரெய்ன்ட்' பண்பை இல்லை என்று குறியுங்கள். முக்கியமான கோட்டுக்கு எடையைக் கூட்டுங்கள். அது குட்டையாகவும் நேராகவும் வரும். பெட்டியைச் சுட்டியால் இழுத்து வைக்கத்தான் வேண்டும் என்றால் உங்கள் வேலைக்குக் கிராஃப்விஸ் ஏற்றதன்று, டயா பக்கம் வாருங்கள்.

கேள்வி (தமிழாசிரியர்): கிராஃப்விஸில் தமிழில் எழுதினால் சொற்கள் பெட்டியைத் தாண்டி வெளியே வழிகின்றன. தமிழுக்கு ஆதரவு இல்லையா?

பதில்: இருக்கிறது ஐயா, நன்றாகவே இருக்கிறது. 'கிணறு -> தொட்டி' என்று மேற்கோள் குறிகூட இல்லாமல் எழுதிப் பாருங்கள், ஏற்றுக்கொள்ளும். கோப்பு யு.டி.எஃப்-8 முறையில் இருந்தால் போதும்.

சிக்கல் அளவெடுப்பதில் வருகிறது. பெட்டியின் அகலத்தை முடிவு செய்யச் சொல்லின் அகலம் தெரிய வேண்டும். 'கொ' என்பது கணினிக்குள் ககரம், பிறகு ஒகரக் குறி என்று இரண்டு குறிகள். திரையிலோ கொம்பு முன்னால் வந்து, ககரம் நடுவில் நின்று, கால் பின்னால் போகிறது. குறிகளை எண்ணி அகலத்தைச் சொல்லிவிட முடியாது. இந்த வேலையைப் பேங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற இரண்டு கட்டற்ற நிரலகங்கள் செய்கின்றன. பேங்கோ என்ற பெயரே, 'எல்லாம்' என்னும் கிரேக்கச் சொல்லையும் 'மொழி' என்னும் ஜப்பானியச் சொல்லையும் சேர்த்து வைத்தது. உங்கள் கிராஃப்விஸ் பேங்கோ இல்லாமல் நிறுவப்பட்டிருந்தால் குத்துமதிப்பாகத்தான் அளக்கும்.

பேங்கோ இருந்தும் வழிகிறது என்றால் நீங்கள் எஸ்.வி.ஜி.யாக ஏற்றுமதி செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எஸ்.வி.ஜி. கோப்பில் எழுத்துருவின் பெயர் மட்டுமே போகிறது. உங்கள் கணினியில் ஓர் எழுத்துருவால் அளந்த பெட்டிக்குள், பார்ப்பவர் கணினி அதைவிட அகலமான வேறோர் எழுத்துருவால் எழுதுகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்து, படம், பெட்டி, கோடு மூன்றுக்கும் தனித்தனியே எழுத்துருப் பெயரைக் குறிப்பிடுங்கள். பாடநூலுக்கோ அச்சுக்கோ போவதாக இருந்தால் பி.டி.எஃப். ஆக்குங்கள், எழுத்துருவும் கூடவே போகும். எஸ்.வி.ஜி.தான் வேண்டும் என்றால் இங்க்ஸ்கேப்பில் திறந்து எழுத்துகளைக் கோடுகளாக மாற்றிவிடுங்கள். பிறகு சொற்களைத் திருத்த முடியாது என்பதால் மூலக் கோப்பைத் தனியே வைத்திருங்கள்.

கேள்வி: மெர்மெய்ட் வந்த பிறகு இந்தப் பழைய மென்பொருள்கள் எதற்கு?

பதில்: 2014இல் கனுட் ஸ்வைட்க்விஸ்ட் தொடங்கிய மெர்மெய்ட், எழுத்தாக எழுதியதைப் படமாக்கும் அருமையான கருவி. 2022 பிப்ரவரியில் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் அதை ஏற்றுக்கொண்டதும் எல்லோரிடமும் போய்ச் சேர்ந்தது. ஆனால் அது பாய்வுப் படங்களை அடுக்க 'டாக்ரே' என்ற நிரலகத்தைப் பயன்படுத்தி வளர்ந்தது. டாக்ரே பின்பற்றுவது மேலே சொன்ன 1993 கட்டுரையை. அதே போன்ற இன்னொரு கருவியான பிளான்ட்யு.எம்.எல்., நிரல் வகுப்புகளின் உறவைக் காட்டும் படங்களுக்கு நேரடியாகக் கிராஃப்விஸையே கூப்பிடுகிறது. நீங்கள் பழையது என்று சொல்வது புதியதற்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

கேள்வி (ஓய்வு பெற்ற வரைவாளர்): அலுவலகக் காலத்தில் வரைந்த விசியோ கோப்புகள் ஒரு குறுந்தகட்டில் இருக்கின்றன. உரிமம் வாங்காமல் திறக்க முடியுமா?

பதில்: லிப்ரெஆபிஸ் டிராவில் திறந்து பாருங்கள் ஐயா. 2012 பிப்ரவரியில் வந்த 3.5 பதிப்பிலிருந்து விசியோ கோப்புகளைப் படிக்கிறது. அதற்காக எழுதப்பட்ட நிரலகம் லிப்விசியோ. விசியோவின் பழைய கோப்புகள் இருமக் கோப்புகள். அவற்றைப் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்து, எது கோடு, எது வளைவு, எது எழுத்து என்று கண்டுபிடித்து எழுதினார்கள். எழுத்துருக்கள் மாறியிருக்கலாம், சில அம்புமுனைகள் வேறு மாதிரி தெரியலாம். திறந்ததும், டிராவின் சொந்தக் கோப்பு வடிவமான ஓ.டி.ஜி.யில் ஒரு பிரதி சேமித்துவிடுங்கள். குறுந்தகட்டை நம்பி இன்னும் ஓராண்டு தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி (மொழிபெயர்ப்பாளர்): டிரா.ஐஓவில் வரைந்ததை பி.என்.ஜி. படமாக மட்டும் சேமித்துவிட்டேன். மூலக் கோப்பு இல்லை. மறுபடி முழுவதையும் வரைய வேண்டுமா?

பதில்: முதலில் அந்தப் படத்தை அப்படியே டிரா.ஐஓவில் திறந்து பாருங்கள். ஏற்றுமதி செய்யும்போது விளக்கப்படத்தின் பிரதியையும் சேர்க்கும் பெட்டியில் டிக் செய்திருந்தால், படத்துக்குள்ளேயே முழு எக்ஸ்.எம்.எல். இருக்கும், பெட்டிகளும் கோடுகளும் அப்படியே திருத்தக் கிடைக்கும். டிக் செய்யவில்லை என்றாலோ, வாட்ஸப்பில் படமாக அனுப்பியதில் சுருங்கிய பிரதி மட்டுமே கையில் இருந்தாலோ, மறுபடி வரையத்தான் வேண்டும். முதலில் அசல் பிரதியை உங்கள் கணினியின் பதிவிறக்கக் கோப்புறையில் தேடுங்கள். பெரும்பாலும் அங்கே கிடக்கும்.