கழுத்துத் தழும்புக்கு 24 தவணையா?

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறோம். கணவர் கன்டெய்னர் யார்டில், நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில். இருவருக்கும் சேர்த்து மாதம் 32,000 ரூபாய். 22 வயது மகளுக்குச் சின்ன வயதில் கொதிக்கிற எண்ணெய் பட்டுக் கழுத்திலும் தாடையிலும் தழும்பு. தலையை முழுதாக நிமிர்த்த முடியாது. அரசு மருத்துவமனையில், “இழுப்பை எடுத்துவிடுகிறோம், நிறத்துக்கெல்லாம் இங்கே செய்வதில்லை, தேதி பிறகு” என்கிறார்கள். தையில் பெண் பார்க்க வருகிறார்கள், இன்னும் நாலு மாதம்தான் என்று நாத்தனார் ஒரு தனியார் கிளினிக்கில் 5,000 கட்டிப் பதிவு செய்ய வைத்துவிட்டார். பேக்கேஜ் மாதம் 10,000, 24 தவணை, ‘வட்டியில்லை’. செயலாக்கக் கட்டணம் 6,000. ரொக்கமானால் 2,16,000. நாத்தனார் மகள் சடங்குக்குச் சீர் செய்ய 1,20,000-க்கு வைத்த நகையே இன்னும் அடகில், இரண்டு வட்டி. கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள்.

‘வட்டியில்லை’ என்பதன் லட்சணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். ரொக்க விலைக்கு மேல் 24,000, கட்டணம் 6,000. குறைந்துவரும் அசலில் கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 13%. கொள்ளை வட்டி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடகு வட்டி 2,400, தவணை 10,000 போனால் மிச்சம் 19,600. யார்டில் ஒரு மாதம் வேலை குறைந்தால் மீதி நகையும் அடகுக்கடை ஏறும். முதல் கடனும் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு, இரண்டாவதும் நாத்தனார் சொல்லி. வட்டி மட்டும் உங்கள் வீட்டில்.

பேக்கேஜ் தாளை எடுத்துப் பாருங்கள், இரண்டு வேலையைக் கலந்திருப்பார்கள். இறுகிய தோலை வெட்டி விடுவித்து, பெரும்பாலும் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவது ஒன்று. லேசர் சிட்டிங், ‘ஸ்கின் பிரைட்டனிங்’ இன்னொன்று. ஒட்டிய தோல் சுருங்கப் பார்க்கும். மாதக்கணக்கில் கழுத்துப் பட்டையும் அழுத்த உடையும் இரவு பகலாகப் போட வேண்டும். அலுத்துப்போய்க் கழற்றி வைத்தால் கழுத்து மறுபடி இழுத்துக்கொள்ளும். ஒட்டுத் தோல் பக்கத்துத் தோலைவிடக் கறுத்துத் தெரிவதும் சகஜம். அது அடங்கி நிலைப்பட ஏறக்குறைய ஓராண்டு ஆகலாம். நிறத்துக்கான லேசர் பேச்சு அப்புறம்தான். அதற்குள் 12 தவணை, 1,20,000 ரூபாய், போயிருக்கும். இன்றைக்கே அறுவை செய்தாலும் தையில் மகள் கழுத்துப் பட்டையோடுதான் உட்காருவாள். நாத்தனாரிடம் இந்த ஒன்றைச் சொன்னால் போதும்.

அரசு மருத்துவமனை மீது கோபம் வேண்டாம். அறுவை அரங்கு நேரம் அளவானது. இரவில் தீக்காயமோ மெஷினில் நசுங்கிய கையோ வந்தால், தேதி கொடுத்த கேஸ் தள்ளிப்போகும். அந்த வரிசையில் நிமிராத கழுத்துக்கு இடம் உண்டு, நிறத்துக்குக் கிடைப்பது கஷ்டம். 2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இலவச மார்பக அழகு அறுவைக்குத் தனிப்பிரிவு தொடங்கியபோது, இல்லாவிட்டால் ஏழைகள் இதற்காகப் பெரிய கடன் வாங்குவார்கள் என்றார் அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர். உயிர்காக்கும் சிகிச்சையை விட்டு இதற்குச் செலவா என்று அன்றே சண்டை வந்தது.

முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000, உங்களுக்கு 3,84,000. குறைத்துச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று வரும் புரோக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்த அட்டை இல்லாமலே அரசு மருத்துவமனைப் பொது வார்டில் இலவசம்தான். ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் இரண்டிலும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உண்டு. ஓ.பி. சீட்டில் ‘கான்ட்ராக்சர் (தோல் இறுகி இழுத்துக்கொள்வது), கழுத்து நிமிர்வு குறைவு’ என்று எழுதி வாங்குங்கள். வெறும் ‘தழும்பு’ என்றிருந்தால் அழகுக் கேஸ் ஆகிவிடும்.

இதற்கென்று மெடிக்கிளைம் எடுக்கச் சொல்லி ஏஜென்ட் வந்தால் அனுப்பிவிடுங்கள். தீக்காயச் சீரமைப்பைக் காப்பீட்டு விதி விலக்கவில்லைதான். ஆனால் பழைய பாதிப்புக்கு 3 ஆண்டு வரை காக்க வைப்பார்கள்.

5,000-ஐ எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் அதோடு போகட்டும். பிறகு எங்கே செய்தாலும் பில்லைப் பிரித்து வாங்குங்கள்: காயத்தால் கெட்ட உறுப்பைச் சீராக்கும் அறுவைக்கு ஜிஎஸ்டி கிடையாது, அழகு சிகிச்சைக்கு உண்டு. பேக்கேஜில் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள்.

நகையை வங்கிக்கு மாற்றுங்கள். மொத்தமாக மீட்கக் காசில்லை என்றால் இரண்டு உருப்படி மட்டும் மீட்டு, அன்றே வங்கியில் வைத்து, வரும் பணத்தில் அடுத்ததை மீட்டெடுங்கள். ஒரே ரசீதாக இருந்தால் பிரித்துத் தரும்படி அடகுக்கடையில் முதலிலேயே பேசிவிடுங்கள். ஆண்டுக்கு 10% என்றாலும் மாத வட்டி 2,400 சுமார் 1,000 ஆகும். மிச்சமாகும் 1,400-ஓடு 2,600 சேர்த்து மாதம் 4,000 ஆர்.டி. போடுங்கள், ஓராண்டில் 48,000-க்கு மேல் கையில் நிற்கும். அப்போதும் மகள் லேசர் கேட்டால் ஒவ்வொரு சிட்டிங்காகப் பணம் கட்டுங்கள். பிரைட்டனிங்கை மட்டும் தொடாதீர்கள்.