பிரபுப் பட்டமே வேண்டாம் என்று உதறிய பிரிட்டிஷ் அரசியல்வாதி யாராவது உண்டா?

உண்டு. டோனி பென். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை இருப்பதற்குக் காரணமே அந்தப் பட்டச் சண்டைதான்.

அவருடைய அப்பா வில்லியம் வெட்ஜ்வுட் பென், 1929 முதல் 1931 வரை லண்டனில் இந்திய விவகாரங்களுக்கான அமைச்சர். காந்தி உப்பெடுக்க தண்டிக்கு நடந்தபோது அந்தப் பதவியில் இருந்தவர் இவர்தான். நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் தொழிற்கட்சிக்கு ஆள்பலம் தேவைப்பட்டதால் 1942இல் இவருக்கு ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட் என்ற பிரபுப் பட்டம் கொடுத்தார்கள். பட்டம் பரம்பரையாக இறங்கும். பாதிரியாராக விரும்பிய மூத்த மகன் மைக்கேலுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் 1944இல், விமானப்படையில் இருந்தபோது அவர் இறந்துபோனார். வாரிசு டோனி என்றாயிற்று.

டோனிக்கோ மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் காமன்ஸ் சபைதான் உயிர். 1950இல், 25 வயதில், பிரிஸ்டல் தென்கிழக்கு இடைத்தேர்தலில் ஜெயித்து உள்ளே வந்தார். பட்டம் தன் தலையில் விழாமல் இருக்க முன்கூட்டியே முயன்றும் பார்த்தார், நடக்கவில்லை. 1960 நவம்பரில் அப்பா காலமானதும், கேட்காமலேயே பிரபு ஆகிவிட்டார். பிரபுக்கு காமன்ஸில் இடம் கிடையாது. எம்.பி. பதவி போயிற்று.

1961 மே மாதம் அதே தொகுதியில் இடைத்தேர்தல். பென் மறுபடியும் நின்றார். இவருக்குப் போடும் ஓட்டு செல்லாமல் போகலாம் என்று பிரிஸ்டல் மக்களுக்குத் தெரியும். தெரிந்தும் கிட்டத்தட்ட 70 சதவீத ஓட்டுகளை அவருக்கே போட்டார்கள். இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது அந்த வாக்காளர்களைத்தான். ஆனாலும் தேர்தல் நீதிமன்றம், தோற்ற கன்சர்வேடிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேரிடம் தொகுதியைக் கொடுத்துவிட்டது. அவரும் ஒரு பிரபுப் பட்டத்துக்கு வாரிசு!

மக்கள் தேர்ந்தெடுத்தவரை வெளியே நிறுத்தியது அரசுக்கே சங்கடமாகிவிட்டது. 1963 ஜூலை 31ஆம் தேதி மாலை, பட்டத்தைத் துறக்க அனுமதிக்கும் சட்டம் அமலுக்கு வந்தது. சில நிமிடங்களிலேயே பென் கையெழுத்துப் போட்டுத் துறந்தார். அப்படித் துறந்த முதல் ஆள் அவர்தான். பென்னுக்குத் தடை நீங்கினால் விலகிக்கொள்வேன் என்று கொடுத்த வாக்குறுதியைக் காப்பாற்றி, செயின்ட் கிளேரும் பதவி விலகினார். ஆகஸ்ட் இடைத்தேர்தலில் பென் திரும்பி வந்தார். அதே சட்டத்தைப் பயன்படுத்தித்தான் அக்டோபரில், அப்போதுதான் பிரதமராகியிருந்த ஹோம் பிரபு தன் பட்டத்தை விட்டுவிட்டு, அலெக் டக்ளஸ்-ஹோம் என்ற பெயரில் பிரதமராகத் தொடர்ந்தார். தொழிற்கட்சிக்காரர் போராடி வாங்கிய சட்டம் கன்சர்வேடிவ் பிரதமருக்குக் கைகொடுத்தது.

அப்புறம் தபால், தொழில்நுட்பம், தொழில், எரிசக்தி என்று பல துறைகளில் அமைச்சர். வயது ஏற ஏற இன்னும் இடதுபக்கம் போனார். 1981இல் கட்சியின் துணைத்தலைவர் தேர்தலில் டெனிஸ் ஹீலியிடம் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். அந்தப் போட்டி கட்சிக்குள் இருந்த பிளவை ஆழமாக்கியது என்பதை அவர்மேல் அபிமானம் உள்ள நானும் ஒப்புக்கொள்கிறேன். 2001 வரை எம்.பி.யாக இருந்துவிட்டு, பிறகு இராக் போருக்கு எதிரான இயக்கத்தில் முன்னின்றார்.

துறப்பு அவருடைய ஆயுள் வரைக்கும்தான், வாரிசுகளைக் கட்டாது. 2014 மார்ச்சில் அவர் இறந்ததும் பட்டம் மூத்த மகன் ஸ்டீஃபனுக்குப் போனது. அவர் 2021இல் பிரபுக்கள் சபை உறுப்பினரானார். இரண்டாவது மகன் ஹிலரி பென் 1999 முதல் காமன்ஸ் சபையில் இருக்கிறார்.